நீச்சல் தெரியாத தங்கச்சியோட ராஃப்டிங் போயிட்டு வந்தேன் – முதல் தடவை போறவங்களுக்காக

கொஞ்சம் நீளமாதான் எழுதப் போறேன். ராஃப்டிங்னா காத்தடிச்ச ரப்பர் படகுல (அதுதான் ராஃப்ட்) வேகமா ஓடுற ஆத்துல துடுப்பு போட்டுப் போறது. புக் பண்றதுக்கு முன்னாடி நான் தேடித் தேடிப் படிச்ச ரிவ்யூ எல்லாத்துலயும் செம த்ரில், வேற லெவல், கண்டிப்பா போங்கன்னு மட்டும்தான் இருந்துச்சு. தண்ணியில விழுந்தா என்ன ஆகும், யாரு வந்து தூக்குவாங்க, பயமா இருந்தா நடுவுல இறங்கிக்கலாமா, இதையெல்லாம் ஒருத்தரும் எழுதல. எனக்குத் தெரிய வேண்டியிருந்ததே அதுதான்.

காரணம் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு கம்பெனியில போயிருந்தோம், நான், தங்கச்சி, தங்கச்சி வீட்டுக்காரர். ஆத்துக்குப் போற வண்டியிலயே ஒருத்தர் அஞ்சு நிமிஷம் பேசுனாரு, நான் சொல்றப்போ துடுப்பு போடுங்க, சொல்றப்போ நிறுத்துங்க, அவ்வளவுதான், வேற ஒண்ணுமே சொல்லல. மூணாவது ரேபிட்ல, அதாவது பாறைக்கு நடுவுல தண்ணி வேகமா பாயுற இடத்துல, தங்கச்சி வீட்டுக்காரர் விழுந்துட்டாரு. லைஃப் ஜாக்கெட் இருந்ததால மிதந்துக்கிட்டே கரைப்பக்கம் வந்துட்டாரு, தண்ணி முழங்கால் அளவுதான், சரி தப்பிச்சோம்னு எழுந்து நின்னாரு. நின்னதும் கால் ரெண்டு கல்லுக்கு நடுவுல போய் மாட்டிக்கிச்சு, பின்னாடியிருந்து தண்ணி தள்ளுது, ஆளு அப்படியே முகம் குப்புற சாயுறாரு, கையை ஊனி எந்திரிக்கப் பாக்குறாரு, முடியல. பக்கத்துல வந்த இன்னொரு ராஃப்ட்ல இருந்து ஒருத்தர் குதிச்சு வந்து ஜாக்கெட்டைப் பிடிச்சு பின்னாடி இழுத்தாரு, ஷூ கழண்டு கல்லுக்குள்ள நின்னுடுச்சு, கால் வெளிய வந்துச்சு. முழங்கால் தண்ணியில மனுஷன் மூழ்கிப் போக முடியும்னு எங்களுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. ஓடுற தண்ணியில எழுந்து நிக்காதீங்கன்னு ஒரே ஒரு வரி முன்னாடி சொல்லியிருந்தா அது நடந்தே இருக்காது.

அதுக்கப்புறம் தங்கச்சி ஆறுன்னாலே வேணாம்னுட்டா. இந்தத் தடவை நான்தான் விடாம பேசிக் கூட்டிட்டுப் போனேன், அதனால ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் தலையிலதான்னு ராத்திரி தூக்கமே வரல.

இது அரை நாள் ட்ரிப், முதல் தடவை வர்றவங்களுக்குன்னே நடத்துறது. தண்ணியில கிட்டத்தட்ட மூணு மணி நேரம். மொத்தம் மூணு ராஃப்ட், ஒவ்வொண்ணுலயும் ஆறு பேரு, ஒரு கைடு, இது இல்லாம தனியா ரெண்டு கயாக்ல (ஒருத்தர் உக்காந்து ஓட்டுற சின்னப் படகு) ரெண்டு பேரு கூடவே வந்தாங்க. அவங்க வேலை ஒண்ணே ஒண்ணுதான், ஒவ்வொரு ரேபிட்டையும் எங்களுக்கு முன்னாடி இறங்கிப் போய் கீழ காத்துக்கிட்டு நிக்கணும், யாராவது மிதந்து வந்தா பிடிக்கணும். எங்க ராஃப்ட்ல நாங்க மூணு பேரு, அப்புறம் ஒரு அப்பா அம்மா, அவங்க பதினாறு வயசுப் பொண்ணு.

வழியில இருந்த ரேபிட் எல்லாம் கிரேடு 2, சிலது 3. இந்த கிரேடு கணக்கு தெரியாம யாரும் புக் பண்ணாதீங்க. ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் இருக்கு. ஒண்ணுன்னா தண்ணி சலசலன்னு ஓடும், அவ்வளவுதான். ரெண்டுன்னா வழி நேரா, தெளிவா இருக்கும், சின்ன அலை. மூணுல அலை ஒழுங்கில்லாம வரும், ராஃப்ட் உள்ள தண்ணி அடிக்கும், திருப்ப வேண்டிய இடத்துல சரியா திருப்பணும். நாலுல இருந்து விழுந்தா தானா நீந்தி வெளிய வர்றது கஷ்டம், அடுத்தவங்க வந்து காப்பாத்த வேண்டியிருக்கும். அஞ்சு பழகுனவங்களுக்கு மட்டும், ஆறு சாதாரணமா யாரும் இறங்காத இடம். இதுல கவனிக்க வேண்டியது, கிரேடு கல்லுல எழுதி வச்ச விஷயம் இல்ல. தண்ணி ஏறினா அதே ரேபிட் மூணுல இருந்து நாலாகிடும், சில இடத்துல தண்ணி ஏறினா பாறையெல்லாம் மூழ்கி சுலபமாகுறதும் உண்டு. தண்ணி 10 டிகிரிக்குக் கீழ இருந்தா ஒரு கிரேடு கூட்டியே கணக்குப் போடணும்னு கைடு சொன்னாரு. அதனால வெப்சைட்ல போட்ட கிரேடு இருக்கட்டும், இன்னைக்கு தண்ணி எவ்வளவுன்னு அன்னைக்குக் காலையில கேளுங்க. எங்களுக்கு அவரே சொன்னாரு, இன்னைக்கு விநாடிக்கு ஏறக்குறைய 30 கன மீட்டர் ஓடுதுன்னு. ஒரு கன மீட்டர் தண்ணி ஆயிரம் கிலோ, அப்போ விநாடிக்கு 30 டன் நம்மளைத் தாண்டிப் போகுது. தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற விசை நாலு மடங்கு ஆகும், அதனாலதான் பாக்குறதுக்கு சாதுவா இருக்குற தண்ணி ஆளைச் சாய்ச்சுடுதுன்னாரு. தங்கச்சி வீட்டுக்காரர் பேசாம தலையாட்டுனாரு, அவருக்கு அதை யாரும் புதுசா சொல்ல வேண்டியதில்லையே.

முதல்ல ஒரு குறையைச் சொல்லிடுறேன். ஜாக்கெட் குடுக்குற இடத்துல இருந்த பையன் ஆளைப் பாக்காமலே வரிசையா எடுத்து நீட்டுறான். தங்கச்சி ஒல்லியான ஆளு, அவளுக்கு வந்தது என் சைஸ். பட்டையெல்லாம் இழுத்துக் கட்டுனா, பாக்குறதுக்கு சரியாதான் இருந்துச்சு. அப்புறம் கைடு வந்து ஒவ்வொருத்தரையா நிக்க வச்சு ஜாக்கெட்டோட ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேல தூக்கிப் பாத்தாரு, அவளுக்கு மட்டும் காது வரைக்கும் ஏறிடுச்சு. தண்ணியில விழுந்தா இப்படித்தான் ஏறும், ஜாக்கெட் மிதக்கும், நீங்க உள்ள நழுவிப் போயிடுவீங்க, போய் மாத்திட்டு வாங்கன்னாரு. சின்ன சைஸ் தேடிப் பிடிக்க இருபது நிமிஷம் ஆச்சு, மொத்தமே ரெண்டுதான் வச்சிருந்தாங்க. இதை கைடு பிடிச்சாரு சரி, ஆனா அவரு கண்ணுல படாம போயிருந்தா? நீங்களே ஒருத்தருக்கொருத்தர் தூக்கிப் பாத்துக்கோங்க, பெரிய வித்தையில்ல. பட்டையை இடுப்புல இருந்து ஆரம்பிச்சு மேல மேல இறுக்கிட்டு வரணும், மூச்சு விட முடியணும், ஆனா தூக்குனா அசையக் கூடாது. ஹெல்மெட்டும் அப்படித்தான், தலையை வேகமா ஆட்டுனா நெத்தியில இருந்து நகரக் கூடாது. கண்ணாடி போடுறவங்க பின்பக்கம் கட்டுற கயிறு கொண்டு போங்க, இதை புக்கிங்ல யாரும் சொல்லல, அந்த பதினாறு வயசுப் பொண்ணு கண்ணாடியைக் கழட்டி வண்டியில வச்சிட்டு வந்து நாள் முழுக்க மங்கலாவே பாத்துச்சு, பாவம். ஜீன்ஸ், காட்டன் டீஷர்ட் போட்டுட்டு வராதீங்க, நனைஞ்சா காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். செருப்பும் வேணாம், கணுக்கால்ல இறுக்கிக் கட்டுற மாதிரி ஷூ வேணும்.

இப்போ இந்த ட்ரிப்புக்கு நான் ஏன் இவ்வளவு மார்க் போடுறேன்னு சொல்றேன். கரையில ராஃப்ட்டைத் தரையில வச்சு சொல்லிக் குடுக்க கைடு நாப்பது நிமிஷம் எடுத்துக்கிட்டாரு. நாப்பது நிமிஷம்! பக்கத்து குரூப்ல சிலபேர் எப்போதான் இறங்குறதுன்னு சலிச்சுக்கிட்டாங்க. அவரு அவசரமே படல, குரலும் உசத்தல, ஒவ்வொண்ணா காட்டி, எங்களையும் செய்ய வச்சாரு.

மொதல்ல துடுப்பு. துடுப்போட மேல்முனை டி மாதிரி இருக்கும், அதை உள்ளங்கையால மூடி, கட்டை விரல் கீழ வர்ற மாதிரி பிடிக்கணும், எந்த நிலைமையிலயும் அதுல இருந்து கையை எடுக்கக் கூடாது. ஏன்னு கேட்டதுக்கு தன்னோட முன்பல்லைக் காட்டுனாரு, பாதி பல்லுல வேற கலர்ல ஒட்டு போட்டிருந்துச்சு. பக்கத்துல உக்காந்தவரு ஒரு விநாடி கையை விட்டாராம், அந்த டி வந்து அடிச்சது. ஆத்துல பாறை அடிச்சு பல்லு போனவங்களை விட பக்கத்து ஆளோட துடுப்பு அடிச்சுப் போனவங்களைத்தான் நான் நிறைய பாத்திருக்கேன்னாரு. அதுக்கப்புறம் எங்க ராஃப்ட்ல ஒரு கை கூட டி கிரிப்பை விட்டு நகரல.

உக்காருறது நடுவுல இல்ல, ஓரத்துல, காத்தடிச்ச குழாய் மேலயே. பாதத்தை முன்னாடி இருக்குற குறுக்குக் குழாய்க்கு அடியில சொருகி அதுலதான் பிடிமானம். ரொம்ப ஆழமா சொருகிடாதீங்க, விழுறப்போ கால் தானா வெளிய வரணும்னு சொல்லி ஒவ்வொருத்தர் காலையும் இழுத்துப் பாத்தாரு. அப்புறம் கமாண்ட் எல்லாம். ஃபார்வர்ட், பேக், ஸ்டாப் இதெல்லாம் கேட்டதுமே புரியும். லெஃப்ட் பேக்னா இடதுபக்கம் உக்காந்தவங்க பின்னாடி தள்ளணும், வலதுபக்கம் முன்னாடி போடணும், ராஃப்ட் இடதுபக்கம் திரும்பும். கெட் டவுன்னா குழாய் மேல இருந்து உள்ள இறங்கி குனிஞ்சு உக்காந்து கயிறைப் பிடிச்சுக்கணும், அப்பவும் இன்னொரு கை டி கிரிப்லதான். ஓவர் லெஃப்ட், ஓவர் ரைட்னா எல்லாரும் அந்தப் பக்கமா பாஞ்சு போய் விழணும். இது எதுக்குன்னா ராஃப்ட் பாறையில மோதுனா நம்ம உடம்பு தானா பாறையை விட்டு விலகிச் சாயும், ஆனா பாறைப்பக்கம்தான் சாயணும், இல்லன்னா எதிர்ப்பக்கக் குழாய் மேல தண்ணி ஏறி ராஃப்ட்டைப் பாறையோட ஒட்டிச் சுத்தி வச்சிடும். மனசு சொல்றதுக்கு நேர் எதிரா செய்யணும், அதனாலதான் தரையிலயே பத்து தடவை பாய விட்டாரு. அந்த அம்மா ஆரம்பத்துல கூச்சப்பட்டாங்க, அஞ்சாவது தடவையில எல்லாருக்கும் முன்னாடி அவங்கதான் பாஞ்சாங்க.

அப்புறம் விழுறதைப் பத்தி. விழுந்தா அப்படின்னு பேசல, விழுறப்போன்னு பேசுனாரு, அது எனக்குப் பிடிச்சது. மல்லாக்கப் படுங்க, கால் ரெண்டும் தண்ணி போற திசையில, பாதம் தண்ணிக்கு மேல தெரியணும், பாறை வந்தா காலால உதைச்சுக்கலாம். எந்திரிச்சு நிக்காதீங்க. இதை மட்டும் மூணு தடவை சொன்னாரு, மூணாவது தடவை எங்க எல்லாரையும் திருப்பிச் சொல்ல வச்சாரு. தண்ணி எவ்வளவு ஆழம் குறைஞ்சாலும் உக்காந்த இடுப்பு தரையில தட்டுற வரைக்கும் நிக்காதீங்க. தங்கச்சி என் கையைப் பிடிச்சு நறுக்குன்னு அழுத்துனா. ரெண்டு வருஷம் முன்னாடி யாரும் சொல்லாத வரி அது.

ராஃப்ட்டுக்கு அடியில போயிட்டா பயப்படாதீங்க, ரெண்டு கையையும் தலைக்கு மேல வச்சு ராஃப்ட்டோட அடியைத் தள்ளிக்கிட்டே ஏதாவது ஒரே திசையில போங்க, திசை மாத்தாதீங்க, சில விநாடியில வெளிய வந்துடுவீங்க. காப்பாத்துறதுக்கு வீசுற கயிறு ஒரு பைக்குள்ள இருக்கும், அதை வீசுனா பையைப் பிடிக்காதீங்க, கயிறைப் பிடிங்க, பையில இருந்து கயிறு இன்னும் உருவிக்கிட்டு வரும். கையில சுத்திக்கவே சுத்திக்காதீங்க, விட வேண்டிய நேரத்துல விட முடியாது. நெஞ்சோட சேத்துப் பிடிச்சு தோளுக்கு மேல போட்டுக்கிட்டு மல்லாந்தே இருங்க, கயிறு தானா ஊஞ்சல் மாதிரி சுத்திக் கரைக்குக் கொண்டு வந்து விடும். அடுத்தவங்களை ராஃப்ட் உள்ள இழுக்குறப்போ கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, தோள் மூட்டு போயிடும், ஜாக்கெட்டோட தோள்பட்டை ரெண்டையும் பிடிச்சு நீங்க பின்னாடி சாஞ்சு விழுங்க, அவங்க உள்ள வந்துடுவாங்க. இன்னொண்ணு, யாராவது கை காட்டுனா அந்தப் பக்கம் நீந்துங்க. ஆத்துல யாரும் ஆபத்தைக் கை காட்ட மாட்டாங்க, போக வேண்டிய இடத்தைத்தான் காட்டுவாங்க, அங்க என்னமோ இருக்கு போலன்னு எதிர்ப்பக்கம் போயிடாதீங்க. இது எனக்கு அப்போ சின்ன விஷயமா பட்டது, பின்னாடி சொல்றேன்.

தண்ணியில இறக்குனதும் நேரா ரேபிட்டுக்குப் போகல. அமைதியா இருக்குற இடத்துல நிறுத்தி, விருப்பம் இருக்குறவங்க இறங்கி மல்லாக்க மிதந்து பாருங்கன்னாரு. நான் இறங்குனேன். தண்ணி ஐஸ் மாதிரி. தலை உள்ள போனதும் மூச்சு தானா உள்ள இழுக்குது, வெளிய விட வரல, நெஞ்சுல யாரோ பட்டை போட்டு இறுக்குன மாதிரி. அவரு மேல இருந்து சத்தம் போடாம சொல்றாரு, ஒண்ணும் பண்ணாதீங்க, மூச்சை மட்டும் பாருங்க, ஒரு நிமிஷத்துல சரியாகும். சரியாச்சு. குளிர்ந்த தண்ணியில முதல் ஒரு நிமிஷம் மூச்சு, அப்புறம் ஒரு பத்து நிமிஷம் கைகால் நல்லா வேலை செய்யும், ஆளு நினைவு தப்புற அளவுக்குக் குளிர ஒரு மணி நேரம் கிட்ட ஆகும், அதனால முதல் நிமிஷத்துல பதறாம இருந்தா போதும்னு சொன்னாரு. தங்கச்சி கடைசி வரைக்கும் இறங்கல, அவளை யாரும் வற்புறுத்தவும் இல்ல, ஆனா என்னை ஜாக்கெட்டைப் பிடிச்சு உள்ள இழுத்துப் போட்டது அவதான். நாப்பத்தஞ்சு கிலோ இருப்பா, நான் அவளை விட இருபது கிலோ கூட, ஒரே இழுப்புல வந்துட்டேன்.

தங்கச்சி இன்னொண்ணு கவனிச்சா, ராஃப்ட்டோட தரை ஓரத்துல சுத்தி ஓட்டை ஓட்டையா இருக்கு. ஓட்டை இருந்தா மூழ்கிடாதான்னு கேட்டா. நியாயமான கேள்விதான். அந்தத் தரையும் காத்தடிச்ச மெத்தை மாதிரி, அது ஆத்துத் தண்ணி மட்டத்துக்கு மேலயே மிதக்கும், அதனால அலை அடிச்சு உள்ள விழுற தண்ணி அந்த ஓட்டை வழியா தானா வெளிய ஓடிடும், வெளித் தண்ணி உள்ள ஏறாது. இது 1980கள்ல வந்த அமைப்பாம், அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரேபிட் தாண்டுனதும் பக்கெட்ட வச்சு இறைச்சு ஊத்திக்கிட்டே போகணும், தண்ணி நெறஞ்ச ராஃப்ட் டன் கணக்குல கனக்கும், துடுப்புக்கு மசியாது. வெளிக்குழாயும் ஒரே குழாய் இல்ல, உள்ள தடுப்பு வச்சு தனித்தனி அறையாப் பிரிச்சிருக்கு, ஒண்ணு கிழிஞ்சாலும் மத்தது தாங்கும். அமைதியான இடத்துல போறப்போ அவரு பழைய கதையெல்லாம் சொன்னாரு. 1869ல அமெரிக்காவுல பாவல்னு ஒருத்தர், போர்ல வலது கையை இழந்தவரு, ஒம்பது பேரோட நாலு மரப் படகுல கொலராடோ ஆத்துல கிராண்ட் கேன்யன் வழியா போனாராம். அப்பல்லாம் துடுப்பு போடுறவங்க ஆறு போற திசைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காருவாங்க, எதிர்ல என்ன வருதுன்னே தெரியாது. 1890கள்ல கேலவேன்னு ஒருத்தர்தான் திரும்பி உக்காந்து ரேபிட்டை நேருக்கு நேர் பாத்துக்கிட்டே ஓட்டுற முறையைக் கொண்டு வந்தாராம். ரப்பர் ராஃப்ட்ல ஜனங்க பரவலா போக ஆரம்பிச்சது ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு ராணுவத்துல மிஞ்சின ராஃப்ட் எல்லாம் வெளிய விற்பனைக்கு வந்த பிறகு. அந்தப் பொண்ணு இதையெல்லாம் கண்ணு மூடாம கேட்டுக்கிட்டு வந்துச்சு.

ரேபிட் பத்தி நிறைய எழுத மாட்டேன், அதை நீங்களே போய்ப் பாக்கணும். ஆனா தண்ணியைப் படிக்குறதுன்னு ஒண்ணு சொல்லிக் குடுத்தாரு, அது தெரிஞ்சதும் எனக்கு பயம் பாதியா குறைஞ்சது. ரெண்டு பாறைக்கு நடுவுல தண்ணி வழுவழுன்னு நாக்கு மாதிரி நீண்டு கீழ கூர்மையா முடிஞ்சா அதுதான் வழி, ஆழமான தண்ணி அங்கதான் போகுது. கூர் நம்மளைப் பாத்து மேல இருந்தா அங்க பாறை ஒளிஞ்சிருக்கு. பாறைக்குப் பின்னாடி தண்ணி மேல்நோக்கித் திரும்பி அமைதியா சுத்துற இடம் எடி, அங்க ராஃப்ட்டை நிறுத்தி மூச்சு வாங்கலாம். பாறை மேல ஏறி வழிஞ்சு விழுற தண்ணி கீழ போய் மடங்கி மேல்நோக்கியே சுருண்டு வந்தா அது ஹோல், அதுல மாட்டுனா உள்ளயே வச்சு புரட்டும். மரம் சாஞ்சு தண்ணியில கிடந்தா அது எல்லாத்தையும் விட மோசம், தண்ணி கிளைக்கு நடுவுல போயிடும், ஆளு போக முடியாது, சல்லடையில மாட்டுன மாதிரி ஒட்டிக்கும். மூணாவது ரேபிட்ல இருந்து அந்த நாக்கு எங்க கண்ணுக்கே தெரிய ஆரம்பிச்சது, தங்கச்சி வீட்டுக்காரர் அதோ அதோன்னு காட்டிக்கிட்டே வந்தாரு.

அஞ்சாவது ரேபிட்தான் அன்னைக்குப் பெருசு. அதுக்கு மேல ராஃப்ட் எல்லாத்தையும் கரையில கட்டிட்டு எங்களை நடத்திக் கூட்டிட்டுப் போய் பாறை மேல இருந்து காட்டுனாங்க. இடதுல ஒரு நாக்கு, அது முடியுற இடத்துல வலதுபக்கம் ஒரு ஹோல், அதுக்குக் கீழ ஏழெட்டு அலை வரிசையா. கைடு எல்லாரையும் பாத்து சாதாரணமா சொன்னாரு, வேணாம்னு நினைக்குறவங்க இந்தப் பாதையில நடந்து கீழ வந்துடலாம், அங்க ஏத்திக்குவோம், காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. யாரையும் உத்துப் பாக்கல, பரவாயில்ல வாங்கன்னு ஒரு வார்த்தை கூட சொல்லல. தங்கச்சி கையைத் தூக்குனா. மத்த ராஃப்ட்ல இருந்தும் ரெண்டு பேரு தூக்குனாங்க. இந்த ட்ரிப்புல எனக்கு ரொம்பப் பிடிச்ச நிமிஷம் எதுன்னு கேட்டா இதைத்தான் சொல்வேன். போன தடவை போன இடத்துல இப்படிக் கேட்டிருந்தா சிரிச்சிருப்பாங்க.

அவ போய் கீழ பாறை மேல கயிறுப் பையோட நின்ன ஆளு பக்கத்துல நின்னா. நாங்க இறங்குனோம். நாக்கு சரியா பிடிச்சோம், திரும்புற இடத்துல லெஃப்ட் பேக்னு குரல் வந்துச்சு, நாங்க போட்டோம், அரை விநாடி லேட்டு. ராஃப்ட்டோட வலதுமூலை ஹோல் விளிம்பைத் தொட்டுச்சு, அந்த மூலையில உக்காந்திருந்தது நான். அப்படியே பின்னாடி சாஞ்சேன், கால் தானா கழண்டுச்சு, அடுத்தது எல்லாமே வெள்ளை. கண்ணைத் தொறந்தாலும் வெள்ளைதான். ஜாக்கெட் என்னை மேல தூக்கவே இல்லங்குற மாதிரி இருந்துச்சு, நுரையில காத்து நிறைய கலந்திருக்குறதால அதுல மிதப்பு குறைவுன்னு பின்னாடி சொன்னாங்க. எத்தனை விநாடின்னு தெரியல, அவங்க மூணுன்னு சொல்றாங்க, எனக்கு ரொம்ப நேரமா பட்டுச்சு. தலை வெளிய வந்ததும் மூச்சு, காலைத் தூக்கு, மூச்சு, அவ்வளவுதான் மனசுல. அலை உச்சியில வாயைத் தொறந்தா தண்ணிதான் போகும், ரெண்டு அலைக்கு நடுப் பள்ளத்துல மூச்சு வாங்கணும்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு.

பாறை மேல பாத்தேன். தங்கச்சி நிக்குறா, வலது கையை நீட்டி முழுக்க இடதுகரைப் பக்கமா காட்டிக்கிட்டு, கத்தல, அழல, கையை மட்டும் இறக்கவே இல்ல. பக்கத்துல நின்னவரு அவளைக் காட்டச் சொல்லியிருக்காரு, அவருக்கு ரெண்டு கையும் கயிறுல இருந்துச்சு. நான் குப்புறத் திரும்பி அந்தப் பக்கமா அடிச்சு நீந்துனேன், கயிறு தலைக்கு மேல போய் தோள் மேல விழுந்துச்சு, பிடிச்சேன், நெஞ்சோட வச்சு மல்லாந்தேன், சொன்ன மாதிரியே வளைஞ்சு போய் அமைதியான தண்ணியில விட்டுச்சு. இடுப்பு தரையில தட்டுச்சு, அப்புறம்தான் எழுந்தேன். கயாக்ல இருந்தவரும் அதுக்குள்ள ரெண்டு கை தூரத்துல வந்து நிக்குறாரு, கயிறு தவறியிருந்தாலும் அவரு பிடிச்சிருப்பாரு. தலை உச்சியில கையை வச்சு எல்லாருக்கும் காட்டுனேன், நல்லா இருக்கேன்னு சைகை, அதையும் காலையில சொல்லிக் குடுத்திருந்தாங்க. தங்கச்சி பாறையில இருந்து இறங்கி வந்து என் ஜாக்கெட் பட்டையைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் விடல. மிச்ச ரேபிட்டுக்கெல்லாம் அவ ராஃப்ட்லதான் வந்தா.

இப்போ மத்த குறை எல்லாம். ஆபத்து எனக்குத் தெரியும்னு கையெழுத்து வாங்குற ஃபார்ம் இருக்கே, அதை ஆத்தங்கரையில உடை மாத்துன பிறகு குடுத்தாங்க. அதுல இதய நோய், வலிப்பு, சமீபத்துல ஆபரேஷன், கர்ப்பம், தோள் மூட்டு நழுவுன பழைய கதை எல்லாம் கேட்டிருக்கு. நல்ல கேள்விதான், ஆனா பணம் கட்டி, லீவு போட்டு, அவ்வளவு தூரம் வந்து நிக்குறவங்கள்ல எத்தனை பேரு அங்க உண்மையை எழுதுவாங்க? புக்கிங் அன்னைக்கே கேட்டிருக்கணும். ரெண்டாவது, முடிஞ்ச இடத்துல வண்டி இல்ல, நாப்பது நிமிஷம் ஈரத்தோட காத்து நின்னோம். தண்ணியில இருந்தப்போ யாருக்கும் நடுக்கம் இல்ல, கரையில நிக்குறப்போ அந்தப் பொண்ணுக்கு உதடு நீலமாயிடுச்சு, கைடு தன்னோட ஜாக்கெட்டைக் கழட்டிக் குடுத்தாரு. காஞ்ச துணி எல்லாம் அந்த வண்டியிலதான் இருந்துச்சு. ஒரு பையில போட்டு முன்னாடியே அங்க இறக்கி வச்சா தீர்ந்துடுற விஷயம். அப்புறம் போட்டோ. எடுக்கட்டும், வேணாம்னு சொல்லல, ஆனா நாலாவது ரேபிட்ல போட்டோக்காரர் தயாராகலன்னு பத்து நிமிஷம் தண்ணியில நிறுத்தி வச்சது தேவையே இல்லாதது. இது மூணையும் எழுதி அனுப்பினேன். ஃபார்மை இனிமே புக்கிங்கோட அனுப்புறோம்னு பதில் வந்துச்சு, சின்ன சைஸ் ஜாக்கெட் பத்தியும் கேட்டிருந்தேன், அதுக்கு இன்னும் பதில் இல்ல.

அஞ்சுக்கு நாலரை குடுக்குறேன். அந்த அரை மார்க் ஜாக்கெட்டுக்கும் வண்டிக்கும்.

நீங்க எங்க போறதா இருந்தாலும் புக் பண்றதுக்கு முன்னாடி போன்ல இதைக் கேளுங்க. கரையில பயிற்சி எத்தனை நிமிஷம், வண்டியில பேசுறது கணக்கில்ல. கயாக் கூட வருமா, இல்ல ரெண்டாவது ராஃப்ட்டாவது வருமா, ஒத்தை ராஃப்ட்டா அனுப்புனா வேணாம்னு சொல்லிடுங்க. கைடுக்கு ஆத்து மீட்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் இருக்கா. தண்ணி எந்த அளவுக்கு மேல போனா ட்ரிப்பை நிறுத்துவாங்க, அப்படி நிறுத்துனா பணம் திரும்ப வருமா, இதுக்கு பதில் சொல்லத் தடுமாறுனாங்கன்னா அவங்க நிறுத்துறதே இல்லன்னு எடுத்துக்கோங்க. பெரிய ரேபிட்டைச் சுத்தி நடந்து போக வழி இருக்கா. நீச்சல் தெரியாதுன்னு வெளிப்படையா சொல்லுங்க, ஒண்ணும் பிரச்சனை இல்லன்னு உடனே சொல்றவங்களை விட ரெண்டு கேள்வி திருப்பிக் கேக்குறவங்களை நம்புங்க.

போன வாரம் தங்கச்சி அடுத்த ட்ரிப்புக்கு வேற ஒரு இடத்துக்கு போன் பண்ணா, ஸ்பீக்கர்ல போட்டிருந்தா. பேரு கூட சொல்லல, எடுத்ததுமே கேட்டா, உங்ககிட்ட சின்ன சைஸ் ஜாக்கெட் எத்தனை இருக்கு?